அப்பா சொன்னதாக நான் சொன்னது

அப்பா நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அவருக்காக நான்தான் கதைத்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் பின்னேரங்களில் அரியாலைக்குத் திரும்பி வந்து, கட்டிலில் கால் நீட்டியபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம், அப்பா இன்றைக்கு இப்படிச் சொன்னவர், அப்படிச் சொன்னவர் என்று அவிழ்த்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள் நான். பொய் சொல்லுகிற பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்பாட்டி வைக்கிறவள். எனக்கு இதெல்லாம் வேணும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் ஒருவருக்கு நோய் கடுமை என்றால், யாருக்குச் சொல்லுவது என்று யோசிக்க முதல் யாருக்குச் சொல்லாமல் விடுவது என்றுதான் யோசிப்போம். கொழும்பில் பெரியப்பா செத்தபோது பெரியம்மாவை "கொஞ்சம் கடுமையாம்" என்று சொல்லித்தான் ரயிலில் கூட்டிக்கொண்டு போனோம். வழி நெடுக அந்த மனுசி அவருக்குக் கொடுக்கவென்று கொண்டுவந்த தோடம்பழப் பையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தது. அங்கே வாசலில் கட்டியிருந்த செத்தவீட்டு வெள்ளைக்கொடியைக் கண்ட பிறகுதான் விளங்கியது. பை கை நழுவிப் பழமெல்லாம் வாசலில் உருண்டது. அதை நான் கண்ணால் கண்டவள். கண்டும் திருந்தவில்லை.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா, அப்பா ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று மாதம் முதல்தான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேசன் செய்து, நாலு கால் பிடிதடியைப் பிடித்தபடி வீட்டுக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில், அதே கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்ற அப்பா சரிந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டு வானில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். பிரசர் கூடி மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார் டொக்டர். மூச்சுக்கு மெசின் பூட்டி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டார்கள். அம்மா வாசல் வரைக்கும் பிடிதடியோடு வந்து, வான் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான்.

கனடாவில் இருக்கிற அண்ணைக்குப் போன் எடுத்தேன். அழுதுபோட்டு அவன் சொன்ன முதல் புத்தி இதுதான்: "அம்மாவுக்கு மூச்சுக் காட்டாதை. அவவும் பிரசர்காரி. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா என்ன செய்யிறது? நான் வந்தாப் பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

கடல் கடந்து இருந்துகொண்டு புத்தி சொல்ல ஆருக்கும் முடியும் என்று எரிச்சல் வந்தது. ஆனால் அவன் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். கலியாணம் கட்டாமல் வீட்டோடு நிற்கிறவள் நான். அம்மாவின் முகத்தில் முழிக்க வேண்டியவளும் நான்தான்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார், நான் செருப்பைக் கழற்ற முதலே.

"கண் முழிச்சிட்டார். கதைக்கிறார். கொஞ்ச நாள் வைச்சுப் பாக்கப் போகினமாம்."

"சாப்பிட்டவரோ?"

"ஓம். கொஞ்சம்."

அந்த ஒரு "ஓம்" செய்த வேலையைப் பாருங்கள். அடுத்த நாள் காலையில் நான் எழும்பிப் பார்க்கிறேன், அம்மா ஒரு கையால் பிடிதடியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நிற்கிறார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு வாய்க்கு வைக்கேலாது, வீட்டுப் புட்டும் சொதியும் எண்டால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார் என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? டிபன் கரியரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கேதான் அந்தத் தாதி இருந்தாள். முப்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் "கடவுளை மண்டாடுங்கோ அக்கா" என்று ஏதோ ஆறுதலாகச் சொன்னார்கள். இவளிடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், என் முகத்துக்கு நேரே பார்த்து, "கடுமையாத்தான் இருக்கிறார் அக்கா. நேற்றையைவிட நல்லம் எண்டு சொல்லேலாது" என்றாள். என்ன கோதாரி விழுந்த வாய் இவளுக்கு என்று மனதுக்குள் திட்டினேன்.

ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் உள்ளே விடுவார்கள். அந்த ஐந்து நிமிடமும் நான் கட்டில் ஓரத்தில் மரம் மாதிரி நின்றேன். மெசின் இழுக்க அப்பாவின் நெஞ்சு எழும்பும், விட இறங்கும். மூக்குக்குள் ஒரு குழாய், வாய்க்குள் ஒரு குழாய். அவள் வந்து என்னைப் பிடித்து மற்றப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"உந்தக் கையிலை சேலைன் போகுது. இந்தக் கையைப் பிடியுங்கோ. பிடிச்சுக்கொண்டு ஏதேனும் கதையுங்கோ."

"அவருக்குக் கேக்குமோ?"

"தெரியாது அக்கா. கேக்காது எண்டும் சொல்லேலாது. சும்மா நிண்டால் உங்களுக்குத்தான் ஏலாமல் வரும்."

வீட்டில் அப்பாவாகவே கதைக்கிற எனக்கு, அப்பாவோடு கதைக்க ஒரு சொல் வரவில்லை. அவள் ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். "ஐயாவின்ரை குதிக்கால் வெடிச்சுப்போய்க் கிடக்கு. எண்ணெய் பூசி விடுங்கோ." பூசினேன். செருப்பே போடாமல் தோட்டத்துக்குள் திரிகிற கால். பூசப் பூச எனக்கு அழுகை வந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன். அவள் பக்கத்துக் கட்டிலில் வேலை செய்துகொண்டு நின்றாள், நேரம் முடிந்தது என்று சொல்லவில்லை.

நாலாம் நாள் நான் ஆஸ்பத்திரி மதிலோரத்தில் குனிந்து நின்று புட்டை நாய்க்குக் கொட்டிக்கொண்டு நிற்கிறேன், வேலை முடிந்து வெளியே வந்தவள் கண்டுவிட்டாள். களவு பிடிபட்டவள் மாதிரி எனக்கு முகம் வெளிறிப் போயிருக்க வேண்டும்.

"ஆர் அக்கா சமைச்சது?"

மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று, அப்பா எழும்பிக் கதைக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அம்மா உந்த இடுப்போடை நிண்டு சமைக்கிறா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இனிமேல் புட்டு வேண்டாம். அப்பாவுக்குச் சூப்தான் குடுக்கச் சொல்லிக் கிடக்கு எண்டு சொல்லுங்கோ. பருப்பும் மரக்கறியும் போட்டு அவிச்சு, நல்லா வடிச்சுக் கொண்டுவாங்கோ. நான் டொக்டரிட்டைக் கேட்டு வைக்கிறன். மூக்குக் குழாயாலை குடுக்கலாம். அம்மா சமைக்கிறது ஐயாவுக்குள்ளை போகட்டும்."

அடுத்த நாளிலிருந்து அம்மா கரட், பூசணி, பருப்பு எல்லாம் அவித்து, வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடித்து, பிளாஸ்க்கில் ஊற்றித் தந்தார். மத்தியானம் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் அளந்து, ஊசிக் குழாயில் எடுத்து, மூக்குக் குழாய்க்குள் மெல்ல மெல்ல விடுவாள். அது அப்பாவுக்குள் இறங்குவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு ஆறும். மூன்று நாள் அப்படிப் போனது. அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வந்து "குடிச்சவர்" என்று சொல்லும்போது பாதி மெய்யாவது இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். எனக்கு வாய் சும்மா கிடக்காதே.

ஏழாம் நாள் பின்னேரம் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன பிள்ளை, எந்த நாளும் குடிச்சவர், குடிச்சவர் எண்டுறாய். அந்த மனுசன் ஒரு குறையும் சொல்லேல்லையோ?"

எனக்குப் பகீரென்றது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்ட நாள் எங்கள் வீட்டில் கிடையாது. கிளினிக்கில் பிரசருக்கு உப்பைக் குறைக்கச் சொன்ன நாள் தொடக்கம் ஒவ்வொரு நேரமும் இரண்டு பேருக்கும் சண்டைதான். "இது கறியோ, கழனித் தண்ணியோ?" என்று அவர் கேட்பார். "உங்கடை உயிருக்குத்தான் பாக்கிறன்" என்று அம்மா சொல்லுவார். ஆகவே நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்:

"ஏன் சொல்லேல்லை? உப்புக் காணாதாம். இது சூப்போ, கழனித் தண்ணியோ எண்டு கேட்டவர்."

அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். "பாத்தியே உந்த மனுசனை! படுக்கையிலை கிடந்தும் உந்த வாய் அடங்கேல்லை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஏழு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார். இவ்வளவு வடிவாகப் பொய் சொல்ல வருகிறதே என்று எனக்கு என்னிலேயே ஒரு பெருமை. வெட்கக்கேடு.

எட்டாம் நாள் பிளாஸ்க்கைத் தரும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "இண்டைக்கு ஒரு கிள்ளு உப்புக் கூடப் போட்டனான். ஆசைப்பட்டுக் கேட்ட மனுசன். டொக்டர்மாருக்குச் சொல்லிப்போடாதை."

நான் கொண்டுபோனேன். உப்புக் கதையைத் தாதியிடம் எப்படிச் சொல்லுவது, சொல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று வழி முழுக்க யோசித்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அவள் என்னை வாசலிலேயே மறித்தாள்.

"அக்கா, இண்டைக்குச் சூப் குடுக்கேலாது. காலமை குடுத்த பாலே வயிறு ஏற்காமல் திரும்பி வந்திட்டுது. பிரசரும் இறங்கிக்கொண்டு போகுது. அம்மாவை இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவவாலை நடக்கேலாது."

"ஓட்டோவிலை ஏத்தி வாசல் மட்டும் கொண்டுவாங்கோ. வீல்செயாரோடை நான் வந்து நிப்பன். ஐஞ்சு நிமிசக் கணக்கெல்லாம் இல்லை, இருக்கிற மட்டும் இருக்கட்டும். நான் மேலை கேட்டு வைச்சிட்டன்."

"நாளைக்குப் பாப்பம். அண்ணையிட்டையும் கேக்க வேணும்."

"நாளைக்கு எண்டு சொல்ல என்னாலை ஏலாது அக்கா. அம்மாவுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குச் சொல்லக் கஷ்டமெண்டால் கூட்டி வாங்கோ, நான் சொல்லுறன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "மிஸ், நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ. என்ரை அம்மாவுக்கு என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டேன். வெளியே வாங்கில் குந்தியிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. அவள் உள்ளே போனாள்.

பிளாஸ்க்கில் இருந்த சூப்பை ஆஸ்பத்திரிக் கழிவுத் தண்ணிக் கானுக்குள் ஊற்றினேன். வீட்டுக்கு வந்தேன். அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம், உப்பு?"

"இண்டைக்கு அளவாம்" என்றேன். "உப்பு இப்ப அளவு, சொல்லு அவவுக்கு எண்டவர்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணைக்குப் போன் எடுத்துத் தாதி சொன்னதைச் சொன்னேன். டிக்கட் போட்டாயிற்று, இரண்டு நாளில் வந்துவிடுவேன், அதுவரைக்கும் சமாளி என்றான். சமாளிப்பதற்கென்றே பிறந்தவள் நான்.

அடுத்த நாள் காலை எட்டரைக்குப் போன் வந்தது. அந்தத் தாதிதான். "அக்கா, இப்ப வாங்கோ. அம்மாவையும் கொண்டு வாங்கோ." அவ்வளவும்தான். ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா, அப்பா சாகப் போறார், வாங்கோ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"அம்மா, வெளிக்கிடுங்கோ. அப்பாவை வோர்ட்டுக்கு மாத்தப் போகினமாம். வந்து பாக்கட்டாம்."

"என்ரை பிள்ளையாரே!" என்று அம்மா கைகூப்பினார். கூறைச்சேலைக்கு அடுத்ததாக வைத்திருந்த நல்ல சேலையை எடுக்கச் சொன்னார். உடுத்திப் பொட்டு வைத்தார். ஓட்டோ வந்து வாசலில் நின்று கோன் அடித்தது. அம்மா பிடிதடியோடு வாசலுக்கு வராமல் குசினிப் பக்கம் திரும்பினார்.

"எங்கை அம்மா போறியள்? கெதியா வாங்கோ!"

"பொறு பிள்ளை. வெறுங்கையோடையோ போறது? பருப்பு அவிஞ்சு கிடக்கு. இந்தா, ஒரு கொதி வந்தவுடனை வடிச்சு எடுத்துக்கொண்டு வாறன்."

"வேண்டாம் அம்மா, நேரம் போகுது!"

"வோர்ட்டுக்குத்தானே மாத்தீனம்? மனுசன் எங்கை ஓடியே போகப் போகுது?"

நான் குசினி வாசலில் நின்று அந்தச் சூப் கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொன்னால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பார். நான் சொல்லவில்லை. அம்மா உப்பைக் கிள்ளிப் போட்டார். வடித்தார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். பிளாஸ்க்கை மூடித் துடைத்தார். அரை மணித்தியாலம் போனது.

ஆஸ்பத்திரிக் கட்டட வாசலில் வீல்செயாரைப் பிடித்தபடி அவள் நின்றாள். பகல் வேலைக்குப் பிறகு இரவும் நின்றவளாம், ஏழு மணிக்கே வேலை முடிந்துவிட்டதாம், வீட்டுக்குப் போகாமல் நின்றிருக்கிறாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவை ஓட்டோவிலிருந்து இறக்கி இருத்தினோம். அவள் அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் குந்தி, இரண்டு கையையும் பிடித்தாள்.

"அம்மா, ஐயா செத்துப் போட்டார். இருபது நிமிசத்துக்கு முதல். நான் பக்கத்திலை நிண்டனான். அவர் தனிய இருக்கேல்லை."

எங்கள் ஊரில் வீட்டுக்காரருக்கு நேரே அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லமாட்டார்கள். அம்மா அவளைப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார். "சூப் இன்னும் ஆறேல்லை" என்றார்.

உள்ளே கொண்டுபோனாள். அப்பாவின் குழாய்களை எல்லாம் எடுத்து, தலையைச் சீப்பால் இழுத்து, நெற்றியில் திருநீறு பூசி வைத்திருந்தாள். சுற்றிவரத் திரையை இழுத்துவிட்டு, சின்னப் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "முகத்தைத் துடைச்சு விடுங்கோ அம்மா." அம்மா துடைத்தார். காது மடல், கழுத்து, கை விரல் ஒவ்வொன்றாக ஆறுதலாகத் துடைத்தார். ஒருவரும் வந்து நேரம் சொல்லவில்லை. அம்மா என்னை மட்டும் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

அண்ணை வந்து கொள்ளி வைத்தான். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு திரும்பிப் போனான், லீவு இல்லையாம். போகும்போது, "நீ எண்டபடியால் சமாளிச்சாய்" என்று என் தோளில் தட்டினான். அவனுக்கு ஒரு அறை கொடுத்தால் என்ன என்று இருந்தது.

சனம் வந்து போவது குறைந்த பிறகுதான் கவனித்தேன், அம்மா நான் சமைக்கிற கறியைத் தொடுவதில்லை. தனக்கென்று ஒரு பிடி சோற்றைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து விழுங்குவார். பிடிக்கவில்லையாக்கும் என்று இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் உப்புப் போத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அம்மா அதைத் தள்ளி வைத்தார்.

"எடு உந்தப் போத்தலை. உந்த உப்புத்தானே அவரைச் சாகடிச்சது."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"இத்தினை வருசமா உப்பைக் குறைச்சுக் குறைச்சுக் காப்பாத்தினன். கடைசியிலை என்ரை கையாலையே போட்டுக் குடுத்தன். முதல் நாள் உப்புக் குடுத்தன், அடுத்த நாள் மனுசன் போயிட்டுது. பிரசர் ஏறாமல் என்ன செய்யும்?"

ஐயோ கடவுளே! அம்மாவின் காலடியில் குந்தி எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா ஒரு நாளும் கண் முழிக்கவில்லை. உப்புக் காணாது என்று சொல்லவில்லை, அது நான் கட்டியது. எட்டாம் நாள் சூப்பை ஒரு சொட்டும் கொடுக்கவில்லை, நான்தான் கானுக்குள் ஊற்றினேன். சத்தியமாக ஊற்றினேன் அம்மா என்று அழுதேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"இப்ப உதையும் எனக்காகச் சொல்லுறாய்" என்றார்.

பிறகு நான் என்ன சொல்லியும் ஏறவில்லை. எப்படி ஏறும்? ஒன்பது நாள் பொய் சொன்ன வாய் பத்தாவதாக ஒரு மெய்யைச் சொன்னால் ஆர் நம்புவது? அம்மா நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனார். தலைசுற்றி ஒருநாள் கட்டிலடியில் விழப் பார்த்தார். அப்பாவைப் பறிகொடுத்த கையோடு அம்மாவையும் பறிகொடுக்கப் போகிறேன் என்று பயம் பிடித்துவிட்டது.

வேறு வழியில்லை. போய் அந்தத் தாதி வேலை முடிந்து வரும் வரைக்கும் வாசலில் நின்றேன். அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதை விடுங்கோ அக்கா. சொந்தக்காரர் எங்களைப் பேசாமல் ஆரைப் பேசுறது? அம்மா சாப்பிடுறாவோ?" என்றாள்.

சொன்னேன். நானே வந்து சொல்லுறன் என்றாள். அவளுக்கு மருதனார்மடத்துப் பக்கம் வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். கிடைக்கிற ஒரு நாள் ஓய்வில் ஸ்கூட்டியில் அரியாலை மட்டும் வந்தாள். துடக்கு வீடு, தீட்டு என்றும் பார்க்காமல் நான் கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள்.

அம்மா அவளைத் தன் பக்கத்தில் கட்டிலில் இருத்தினார். "பிள்ளை, நீ எனக்கு மெய் சொல்ல வேணும். இவள் சொல்லுறது எனக்கு வேண்டாம்."

"கேளுங்கோ அம்மா."

"அந்த உப்புப் போட்ட சூப் அவருக்குக் குடுத்ததோ?"

"இல்லை அம்மா. நான்தான் அண்டைக்கு வேலை. குடுக்கேலாது எண்டு அக்காவிட்டைச் சொல்லித் திருப்பி விட்டதும் நான்தான். ஐயாவுக்குக் கடைசியிலை பிரசர் ஏறேல்லை, இறங்கித்தான் போனது. ஏத்துறதுக்குத்தான் நாங்கள் மருந்து போட்டனாங்கள்."

அம்மா கண்ணை மூடினார். ஒரு பாரம் இறங்கியது போல மூச்சு வந்தது. நானும் மூச்சு விட்டேன். ஆனால் அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப அவர் பசியோடையோ போனவர்?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்லை அம்மா. உடம்பு அடங்கேக்கை பசி இராது. வயிறு தானாய் வேண்டாம் எண்டு விட்டிடும்."

"என்னைப் பற்றி ஒண்டும் சொன்னவரோ? ஒரு சொல்லு?"

அவள் ஒரு பொய் சொல்லிவிடக் கூடாதா என்று எனக்கு இருந்தது. நெஞ்சறிய அப்படித்தான் நினைத்தேன். இவ்வளவும் பட்ட பிறகும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

"இல்லை அம்மா. அவர் கதைக்கேல்லை. முதல் நாள் துவக்கம் கதைக்கேல்லை."

"உப்பு அளவு, சொல்லு அவவுக்கு எண்டது?" அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னது அம்மா" என்றேன்.

ஐம்பது வருசம் கூட வாழ்ந்த மனுசன் கடைசியாகச் சொன்னது என்று அம்மா அதைத்தான் பிடித்து வைத்திருந்திருக்கிறார். அதையும் அன்றைக்கு நான் பிடுங்கிக்கொண்டேன். அம்மா சத்தமில்லாமல் அழுதார். அவள் அழ விட்டாள். கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்துத்தான் சொன்னாள்:

"அம்மா, அவர் சொல்லேல்லை. ஆனா நான் அவருக்குச் சொன்னனான். அந்த மூண்டு நாளும் சூப் குடுக்க முதல், ஐயா, அம்மா காய்ச்சித் தந்து விட்டிருக்கிறா, இடுப்பு ஏலாமல் நிண்டு காய்ச்சினது, குடியுங்கோ எண்டு சொல்லித்தான் குடுத்தனான்."

அம்மா நிமிர்ந்தார். "அவர் என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. கேட்டதோ தெரியாது. நான் சொன்னனான்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கறியை விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். "உப்புக் காணாது" என்று சொல்லிப் போத்தலைக் கேட்டு வாங்கினார்.

அம்மா இருக்கிறார். நடக்கவும் செய்கிறார். என்னோடு கதைக்காமல் இல்லை, எல்லாம் கதைப்பார். ஆனால் நான் எதைச் சொன்னாலும், கடை பூட்டு என்றாலும், பஸ் பிந்திவிட்டது என்றாலும், ஒரு தரம் கேட்பார்: "மெய்யோ?" கோபமாகக் கேட்பதில்லை. பழக்கமாகிவிட்டது.

போன மாதம் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு நோ. கிளினிக்குக்குப் போனேன். பரிசோதித்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, வாயுதான் என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மெய்யோ என்று கேட்டார். ஓம் அம்மா, மெய் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையணைக்குக் கீழிருந்த துண்டுக் கடதாசியை எடுத்தார். அந்தத் தாதியின் போன் நம்பர். ரிப்போர்ட்டை அவளுக்கு வாசிக்கச் சொல்லி என்னிடமே போனை நீட்டினார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பிறகு அம்மா போனை வாங்கிக் காதில் வைத்து, அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்ட பிறகுதான், எனக்குச் சோறு போட எழும்பினார்.